வள்ளி என்னும் பெயர்: சொல்லும் வரலாறும் மலையகமும்

ஓர் இனத்தின் வரலாற்றை அறிய விரும்புவார் மன்னர் பொறித்த கல்வெட்டுகளையும் புலவர் யாத்த நூல்களையும் நாடிச் செல்வர். அவற்றோடு ஒருங்கு வைத்து ஆராயத்தக்க பிறிதொரு சான்றும் உண்டு. அதுவே தாய்தந்தையர் தம் மக்களுக்கு இட்டு வழங்கும் பெயர். கல்லும் ஏடும் இல்லாத குடிசையிலும் பெயர் உண்டு. எழுத்தறியாதார் நாவிலும் அது நின்று நிலவும். சிறப்பாக, தோட்டத் தொழிலாளராய் இந்நாட்டுக்கு வந்த எம் முன்னோர் கொண்டுவந்த மூட்டைகளுள் செப்பேடோ சுவடியோ மிகுதியாய் இருந்ததில்லை. அவர்கள் உடன்கொண்டு வந்த முதுசொம் தெய்வமும், பாட்டும், பெயருமே. அப்பெயர்களுள் ‘வள்ளி’ என்னும் ஒன்றனை எடுத்து, அதன் பொருளும் பழமையும் பரவலும் யாவை என ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

சொல்லும் பொருளும்

வள்ளி என்பது கொடி எனப் பொருள்படும். நிலத்தின்கீழ் கிழங்கு வைத்து மேலே படர்ந்தேறும் ஒருவகைக் கொடிக்கு அது சிறப்புப் பெயராயிற்று. வள்ளிக்கிழங்கு என்னும் வழக்கு அதனாற் பிறந்ததே. கபிலர் பாரியின் பறம்புமலையைப் பாடிய புறநானூற்று 109ஆம் பாட்டிலே, உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கு விளைவுகளுள் வள்ளிக்கிழங்கும் ஒன்றாக எண்ணப்படுகின்றது. மூங்கில் நெல்லும் பலாப்பழமும் தேனும் ஏனைய மூன்று. பகைவர் முற்றுகையிட்ட காலத்தும் மலைமக்களைப் பசியாது காத்த உணவு அது என்பது கருத்து. இன்றும் யாழ்ப்பாணத்தார் இராசவள்ளிக்கிழங்கைக் கூழாக்கி உண்பதும், சர்க்கரைவள்ளி என்னும் பெயர் தமிழகத்தில் வழங்குவதும் யாவரும் அறிந்தனவே. சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தே வந்த பயிர். வந்த பயிருக்கும் பழைய பெயரையே சூட்டினர் எனின், அப்பெயர் மக்கள் நாவில் எத்துணை வேரூன்றியிருந்தது என்பது புலனாகும்.

தொல்காப்பியப் புறத்திணையியலிலும் வள்ளி என்னும் சொல் பயில்கின்றது. கொடிநிலை, கந்தழி என்பவற்றோடு வள்ளியையும் சேர்த்து மூன்றாகக் கூறுவர் ஆசிரியர். நச்சினார்க்கினியர் அவ்விடத்து வள்ளி என்பதற்குத் திங்கள் எனப் பொருள் கொண்டார். அதே இயலில் வரும் ‘வாடா வள்ளி’ என்னும் தொடரோ ஒரு கூத்தினைக் குறிப்பது. கொடியாகிய வள்ளி வெயிலில் வாடும். கூத்தாகிய வள்ளி வாடாது. இவ்வாறு கொடியும் கிழங்கும் கூத்தும் திங்களும் ஆகிய பொருள்கள் ஒரு சொல்லிற் கூடியிருத்தல் அதன் தொன்மைக்குச் சான்றாம்.

இவ்விடத்து ஒரு வேறுபாடு கருதத்தக்கது. ‘வல்லி’ என லகர மெய்யால் எழுதப்படும் சொல் ஒன்று உண்டு. அதுவும் கொடியையே குறிக்கும்; வடமொழியிலும் வழங்குவது. கனகவல்லி, அமுதவல்லி, கோமளவல்லி, நாகவல்லி முதலியன அதனடியாக அமைந்தன. அப்பெயர்களில் வல்லி ஈற்றில் நிற்கும். தனித்து ஒரு பெண்ணுக்குப் பெயராதல் அரிது. வள்ளியோ தனித்து நிற்கும். ‘அம்மை’, ‘அம்மாள்’, ‘ஆயி’ என்பன அதனைப் பின்தொடர்ந்து வரும். இவ்விரு எழுத்தின் வேறுபாடு பின்னர்ப் பேரேடுகளிற் பட்ட பாட்டை மேலே கூறுவாம்.

இலக்கியத்தில் வள்ளி

முருகனொடு கூடிய வள்ளியைச் சங்க நூல்களே அறியும். நற்றிணை 82ஆம் பாட்டில், தன் காதலியின் பொலிவைக் கண்டு வியக்கும் தலைவன் ஒருவன், முருகனோடு சென்ற வள்ளியை அவளுக்கு உவமையாக்குகின்றான். திருமுருகாற்றுப்படை, முருகனின் ஆறு முகங்களுள் ஒன்று வள்ளியொடு நகைத்து மகிழ்வதெனக் கூறும். கொடிபோன்ற இடையினள் என அவள் பெயரின் பொருளையே அவளுக்கு அணியாக்கும். பரிபாடல் 9ஆம் பாட்டு, வள்ளியின் தோழியரும் தேவசேனையின் தோழியரும் ஊடிப் பொருத பூசலைச் சுவைபட உரைக்கும். சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவையில், குன்றவாணர் அவளைத் தம் குலத்து மகள் என உரிமை பாராட்டுவர்.

கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிக் குமரகோட்டத்திலிருந்து பாடிய கந்தபுராணம், வள்ளியம்மை திருமணப் படலத்தோடு நிறைவெய்துகின்றது. சூரனை வென்ற பெருமையோடு முடித்திருக்கக்கூடிய பெருங்காப்பியம், வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிற் கிடந்து வேடர்கோன் நம்பியால் வளர்க்கப்பட்டு, தினைப்புனம் காத்த ஒரு பெண்ணின் மணத்தோடு முடிகின்றது என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். தேவர்கோன் மகளாகிய தெய்வயானையை மணந்தது வெற்றிக்குப் பரிசு. வள்ளியிடமோ இறைவனே வேடனாயும், வேங்கை மரமாயும், கிழவனாயும் வடிவு மாறி, இரந்து நின்றான். சைவ அறிஞர் வள்ளியை இச்சாசத்தி என்றும், தெய்வயானையைக் கிரியாசத்தி என்றும், வேலை ஞானசத்தி என்றும் கொள்வர். பக்குவம் எய்திய ஆன்மாவை இறைவன் தானே தேடி வந்து ஆட்கொள்ளுதலை அக்கதை உணர்த்தும் என்பதும் அவர் துணிபு. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்து வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் எனக் குறித்தார். அக்கலாசாரத்தின் நிறைவு ஒரு மலைக்குறத்தியின் மணவாயிலில் நிகழ்கின்றது என்பதை மறத்தலாகாது.

கதிர்காமத்து வள்ளி

தமிழகத்தார் வேலூருக்கு அணித்தான வள்ளிமலையை வள்ளி பிறந்த இடமெனப் போற்றுவர். ஈழத்து வழக்கு வேறு. இங்கு அவள் கதிர்காமத்து வேடர் மகள். சிங்களவரும் வேடரும் தமிழரும் ஒருங்கே ‘வள்ளியம்மா’ என்றே அவளை அழைக்கின்றனர். ஆடித் திருவிழாவில், யானைமீது எழுந்தருளும் முருகன் மகாதேவாலயத்திலிருந்து புறப்பட்டு வள்ளியம்மன் கோயிலுக்கே செல்கின்றான். தெய்வயானையம்மன் கோயில் மகாதேவாலயத்துக்கு அண்மையிலேயே இருப்பினும், ஊர்வலம் நாடுவது வள்ளியின் வாயிலையே. பிள்ளையார் யானையாகி வந்து வள்ளியை அச்சுறுத்திய இடம் செல்லக்கதிர்காமம் என்பர்.

இந்நாட்டில் சமயமும் மொழியும் வேறுபட்ட மக்கள் மூவர் ஒரு பெண்பெயரை ஒரே அன்போடு உச்சரிக்கும் இடம் அது. தமிழில் தோன்றிய பெயர் ஒன்று மொழி பெயர்க்கப்படாமலே சிங்கள மக்களின் வழிபாட்டிற் கலந்து நிற்றல் எளிதில் வாய்க்கும் சிறப்பன்று.

மேடையும் திரையும்

நூல் வல்லார் சிலரே. கூத்துக் காண்பாரோ பலர். வள்ளி என்னும் பெயரை நாட்டுப்புறமெங்கும் பரப்பியதில் நாடகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய வள்ளி திருமணம் தென்பாண்டி நாட்டு ஊர்த் திருவிழாக்களில் விடியவிடிய நடிக்கப்பெற்றது, இன்றும் நடிக்கப்பெறுகின்றது. தினைப்புனத்திற் பறவை ஓட்டும் வள்ளியும், அவளோடு சொல்லாடும் வேடனும், கிழவனும் ஏழை மக்களுக்கு அறிமுகமானவர் ஆயினர். மலையகத் தொழிலாளரின் முன்னோர் பலர் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, சேலம் ஆகிய மாவட்டங்களினின்றும் வந்தவர். அவர்தம் ஊர்களே இந்நாடகம் செழித்த நிலமாகும்.

பேசும்படம் தோன்றிய சில ஆண்டுகளிலேயே, 1933இல், டி. பி. ராஜலட்சுமி நடித்த வள்ளி திருமணம் திரைக்கு வந்தது. 1945இல் டி. ஆர். மகாலிங்கமும் குமாரி ருக்மணியும் நடித்த ஸ்ரீவள்ளி பெருவெற்றி ஈட்டியது. 1961இல் அக்கதையே சிவாஜி கணேசனும் பத்மினியும் நடிக்க மீண்டும் படமாயிற்று. பாரதியாரும் வள்ளியைப் பாடினார். ஆண்மக்கள் பெயர்களிலும் வள்ளி இடம்பெற்றாள்: வள்ளியப்பன், வள்ளிநாயகம், வள்ளிமணாளன் என்பன காண்க. குழந்தைக் கவிஞர் எனப் போற்றப்பெறும் அழ. வள்ளியப்பா (1922–1989) செட்டிநாட்டிற் பிறந்தவர். அந்நாட்டு நகரத்தாரிடையே வள்ளியம்மை என்னும் பெயர் பெருவழக்கு. கப்பலோட்டி வாணிகம் செய்த செல்வர் இல்லத்திலும், கூலிக்குக் கடல் கடந்த வறியவர் லயத்திலும் ஒரே பெயர் வழங்கியமை நினைவிற் கொள்ளத்தக்கது.

கடல் கடந்த வள்ளியம்மை

இப்பெயர் தாங்கியவருள் உலகறிந்தவள் தில்லையாடி வள்ளியம்மை. அவள் பெற்றோர் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியைச் சேர்ந்தவர். அவள் பிறந்தது தென்னாபிரிக்காவின் ஜோகன்னஸ்பேர்க் நகரில், 1898ஆம் ஆண்டில். இந்தியத் தொழிலாளர் 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒப்பந்தம் முடிந்தும் அங்கே தங்கியோர் மீது ஆண்டுக்கு 3 பவுண் தலைவரி சுமத்தப்பட்டது. 1913 மார்ச்சில், கிறித்துவ முறைப்படி நிகழாத திருமணங்கள் சட்டப்படி செல்லாவென நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. இதனால் இந்தியப் பெண்டிர் பலர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் ஆயினர். அவர்தம் மக்களின் உரிமையும் ஐயத்துக்குள்ளாயிற்று.

அதன்பின் காந்தியடிகளின் அறப்போரில் பெண்களும் இறங்கினர். வள்ளியம்மை தன் தாயோடு சேர்ந்து சிறை புகுந்தாள். 3 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று, சிறையிலே நோயுற்று, வெளிவந்து சில நாள்களில், 1914 பெப்ரவரி 22ஆம் நாள் உயிர்நீத்தாள். அப்பொழுது அவளுக்கு அகவை 16. அவ்வாண்டு ஜூலையில் அவள் கல்லறையின் நினைவுக்கல்லைக் காந்தியடிகளே திறந்துவைத்தார். தென்னாபிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்று நூலிலும் அவளைப் போற்றி எழுதினார். 2008இல் இந்திய அரசு அவள் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

கூலி என்ற சொல்லால் ஓர் இனம் முழுவதையும் குறித்த நாட்டிலே, ஒரு புலம்பெயர் குடும்பத்துப் பெண்ணின் சொந்தப் பெயர் கல்லில் ஏறிற்று. வள்ளி என்னும் பெயரின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். புராணத்து வள்ளியை இறைவன் தேடி வந்தான்; தில்லையாடி வள்ளியம்மையோ தன் மக்களின் மானத்தைத் தானே தேடிச் சென்றாள்.

பேரேட்டில் வள்ளி

இனி, மலையகத்துக்கு வருவாம். நுவரெலியா மாவட்டத்தில், அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஏறத்தாழ 7,000 அடி உயரத்து ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில் அமைந்தது டயகம. இவ்வூர்ப் பெயரே நம் ஆராய்ச்சிக்கு ஒரு பாடமாகின்றது. சிங்களத்தில் ‘தியகம’ என்பது நீரூர் எனப் பொருள்படும். மலையருவிகள் நிறைந்த இடத்துக்கு அது பொருத்தமான பெயரே. ஆங்கில எழுத்திற் பதிவான அதனை மீண்டும் தமிழர் நாவு ஒலித்தபொழுது ‘டயகம’ ஆயிற்று எனக் கருத இடமுண்டு. ஒரு மொழியின் பெயர் பிறிதொரு மொழியின் எழுத்திற் புகுந்து மீளும்போது பொருளை வழியிலே தொலைத்துவிடும். ஊருக்கு நேர்ந்தது ஆளுக்கும் நேர்ந்தது.

கோப்பிப் பயிரை 1869 முதல் இலைநோய் அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பற்றிய காலத்தில், தோட்டங்களில் ஆள் என்பவர் செக்ரோலில் ஒரு பெயராயினர். செக்ரோல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆங்கில நெடுங்கணக்கில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் எழுத்து ஒன்றே. ஆகவே வள்ளியும் வல்லியும் அங்கே ஒன்றாயின. எழுதுவோர் ஓரெழுத்தைக் குறைத்தால், அதனைத் தமிழில் மீட்டெழுதுவோர் ‘வலியம்மா’ எனவும் படிக்கக்கூடும். கொடி நோவாயிற்று! சிங்களத்தில் இரு லகரங்கள் உளவேனும் இக்காலத்துப் பேச்சில் அவை ஒரே ஒலியின. வீட்டில் வள்ளி, கோயில் அருச்சனையில் வள்ளியம்மை, செக்ரோலில் வள்ளியம்மா, பிறப்புப் பதிவில் வள்ளியம்மாள் எனப் பெயர் நான்காகிய இடத்து, ஆளும் நால்வராய் எண்ணப்படும் இடர் உண்டாயிற்று.

இஃது எழுத்திலக்கணம் பற்றிய சிறு குறை என ஒதுக்கத்தக்கதன்று. தோட்டத்து வழக்கில் ‘பேர்’ என்னும் சொல்லே ஒருநாட் சம்பளத்தைக் குறிக்கும். பிரட்டுக்களத்திற் பேர் கொடுத்து மலைக்குச் சென்ற பெண், குறித்த அளவு கொழுந்து பறிக்கவில்லையெனின் அவளுக்கு விழுவது ‘அரைப்பேர்’. இவ்வளவு நேராகப் பெயரும் பிழைப்பும் ஒன்றாய் நின்ற இடம் தமிழுலகில் வேறு உண்டோ என்பது ஐயமே.

குடியுரிமைச் சட்டங்கள் வந்தபொழுது இவ்விடர் பெரிதாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், மணமாகாதவராயின் 10 ஆண்டும் மணமானவராயின் 7 ஆண்டும் இடையறாது வதிந்தமையை நிறுவவேண்டியிருந்தது. நிறுவுதற்குரிய சான்றோ, தோட்டத்துப் பேரேடும் பிறப்பு மணப் பதிவுகளுமே. ஏறத்தாழ 8 இலட்சம் பேர் பொருட்டு விண்ணப்பம் செய்யப்பட்டும், குடியுரிமை எய்தினோர் ஏறத்தாழ 134,000 பேரே. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 ஒப்பந்தம் சரிபாதியாக்கியது. நாடற்றவராய் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

இப்பெருங்கணக்குகளுள் எத்தனையோ வள்ளிகள் அடங்குவர். இராமேசுவரம் வழியே சென்றவருட் பலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோர்க்கென 1968இல் தொடங்கிய அரசு தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தே பறித்தனர். தங்கியவர்க்கோ 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும், 1968இன் ஆட்பதிவுச் சட்டமும் மேலும் புதிய பதிவேடுகளைக் கொணர்ந்தன. அடையாள அட்டையில் ஓரெழுத்தும், சேமலாபக் கணக்கில் பிறிதோரெழுத்துமாய் நிற்பின், வாழ்நாள் முழுதும் உழைத்துச் சேர்த்த பணம் கைக்கு வருமுன் அவள் தானே தான் என்பதைச் சத்தியக்கடதாசியால் மெய்ப்பிக்க வேண்டியவள் ஆகின்றாள்.

இன்றைய நிலை

மலையகத்தில் மாரியம்மன் பெயரடியாகப் பிறந்த பெயர்களே என்றும் மிகுதி. ஆயினும் வள்ளி, வள்ளியம்மா, வள்ளியாயி என்பனவும் முதியோரிடையே பரவலாய்க் கேட்கப்படுவன. இன்றைய வகுப்பேடுகளிலோ அப்பெயர் அருகிவிட்டது. திரைநடிகையர் பெயரும், எண்கணிதம் பார்த்து அமைத்த பெயரும், வடவெழுத்துச் செறிந்த பெயரும் அதன் இடத்தைக் கொண்டன. பெயரில் மாற்றம் காலந்தோறும் நிகழ்வதே. அதனை யாரும் தடுத்தல் இயலாது, தடுக்கவும் வேண்டா. தம் மகள் நகரத்துப் பள்ளியில் நகைப்புக்கு இடமாகாதிருக்க வேண்டும் என விரும்பும் தாயின் உள்ளத்தையும் நாம் மதித்தல் வேண்டும். லயத்துக் காம்பராவில் வளர்ந்தவள் தன் பெயராலேயே தோட்டத்தாள் என அறியப்பட்டு ஒதுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது.

நாம் கவலுதற்குரியது அம்மாற்றத்தின் பின்னின்ற எண்ணமே. வள்ளி என்பது தோட்டத்துப் பெயர், தாழ்ந்த பெயர் என்னும் எண்ணம் வரலாறு அறியாமையிற் பிறந்தது. சங்கப் புலவர் உவமையாக்கிய பெயர். கந்தபுராணம் நிறைவுக்குத் தேர்ந்த பெயர். மூவினத்தார் கதிர்காமத்தில் வணங்கும் பெயர். தென்னாபிரிக்காவில் மானங்காத்த பெயர். தமிழ்ப் பெண்பெயர்களுள் இத்துணை நெடிய தொடர்ச்சி உடையன சிலவே. மேலும் அது மலைக்கே உரிய பெயர். மலைச்சரிவில் வெயிலும் பனியும் பாராது பயிர் காத்தவளின் பெயர், மலைச்சரிவில் உழைத்த பெண்களுக்கு அமைந்ததில் பொருத்தமன்றி இழிவு யாதுளது?

ஆசிரியராயினார்க்கும் மாணாக்கர்க்கும் இதனால் இரு கடன்கள் உளவெனத் தோன்றுகின்றது. ஒன்று, பள்ளியில் ஒரு பிள்ளையின் பெயரைப் பதியும்போது பிறப்புச் சான்றிதழோடு ஒப்புநோக்கி, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே சீராக எழுதுதல். வேறுபாடு காணின் உரிய காலத்திலேயே திருத்திக்கொள்ளுமாறு பெற்றோர்க்கு அறிவுறுத்தல். 5 வயதில் திருத்திய ஓரெழுத்து, 60 வயதில் ஒரு முதியவளின் அலைச்சலைத் தவிர்க்கும். மற்றொன்று, ஒவ்வொரு மாணாக்கனும் மாணாக்கியும் தம் பாட்டியரின் பெயர்களையும், அவை இடப்பட்ட காரணங்களையும் கேட்டு எழுதிவைத்தல். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்தளித்தமையால் அவை நமக்கு எஞ்சின. பாடலுக்கு ஒருவர் செய்த தொண்டினைப் பெயருக்குப் பலர் கூடிச் செய்தல் அரிதன்று. கேட்டுச் சொல்லவல்ல முதியோர் நம்மிடையே உள்ளபோதே அதனைச் செய்தல் நலம்.